கழிவு போக ஒரு கார்

ஆல்டன்வில் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவான மேற்கணக்கில் முப்பத்தாறு வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற அழகையா, யார் எதைச் சொன்னாலும் அதில் கொஞ்சத்தைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவார். இதைக் கெட்ட குணம் என்று சொல்வது அநியாயம். தொழில் பழக்கம். நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ, அடைமழை என்றால் கூடுதலாக இன்னொன்று என்று கழித்துக் கழித்து, கை தராசை விட்ட பிறகும் கழிப்பதை விடவில்லை. "கொளுத்துற வெயில்ல ஈரம் எங்கருந்துங்க வந்துச்சு?" என்று கேட்ட பெண்களுக்கு அவர் கொடுத்த விளக்கம் இன்றைக்கும் மேற்கணக்கில் பிரசித்தம்: "கை வேர்வை இருக்கும்ல?"

டொக்டர் இரண்டு குளிசை என்றால் இவர் ஒன்று போடுவார். ரேடியோவில் பலத்த மழை என்றால் இவருக்கு அது தூறல். கடைக்காரர் புதுத் தேங்காய் என்றால் போன கிழமைத் தேங்காய். இப்படி எல்லாவற்றிலும் சரியாக நடந்துகொண்டிருந்த கணக்கு, ஒரே ஒரு ஆள் விஷயத்தில் மட்டும் காலை வாரிவிட்டது.

அந்த ஆள் அவருடைய மனைவி பரிமளம். மூத்தவன் கஜேந்திரனுக்கு வத்தளையில் குழந்தை பிறந்தபோது, "மூணே மாசம்ங்க. புள்ளைக்குத் தல நின்னதும் ஓடியாந்துருவேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அழகையா வழக்கம்போல ஒரு மாதத்தைக் கழித்து, இரண்டே மாதத்தில் எதிர்பார்த்தார். குழந்தைக்குத் தலை நின்றது. தவழ்ந்தது. நடந்தது. இப்போது நர்சரிக்குப் போய் இங்கிலீஷில் பாட்டுப் பாடுகிறது. பரிமளம் வரவில்லை. இருவருக்கும் சண்டை ஒன்றுமில்லை. சண்டை போடுவதற்கும் ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் எடுத்து, "சாப்டீங்களா, கேஸ் இருக்கா, அந்த நீலப் போர்வைய வெயில்ல போட்டீங்களா?" என்று கேட்பாள். போர்வை எப்போதோ வெயிலில் போடப்பட்டுவிட்டது. கேள்வி மட்டும் மூன்று வருஷமாக நிற்கவில்லை.

ஆக, தொழிலாளர் லயத்துக்கு மேலே ஏழு பேர்ச் காணியில் அவர் கட்டிய வீட்டில் மிஞ்சியது இரண்டு பேர். அவரும், இளையவள் ரூபிகாவும். அந்த ரூபிகாவுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது.

மேற்கணக்கே கொண்டாடியது. கோயிலில் பொங்கல் வைத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்மார் இரண்டு பேர் தனித்தனியாக வந்து, பிள்ளை படித்ததற்குத் தாங்களே காரணம் என்று தெரிவித்துப் போனார்கள். அழகையா எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, கடிதத்தை இரண்டாம் தடவை வாசித்தபோதுதான் ஊரைக் கவனித்தார். பக்கத்துப் பேராதனை இல்லை. தீவின் அந்தப் பக்கம், கிழக்குக் கரை. நுவரெலியா போய், பதுளை போய், அங்கிருந்து கடல் தெரியும்வரை போக வேண்டும்.

அன்று மாலை அவர் அடுப்படி வாங்குப் பலகையில் உட்கார்ந்து யோசித்தார். பஸ்ஸில் என்றால் ஒரு முழுப் பகல். பிள்ளை களைத்துப் போவாள். தவணைக்கு ஒரு தடவை வருவாள். கழிவு போக, வருஷத்துக்கு ஒரு தடவை. ஆனால் கார் இருந்தால்? வெள்ளிக்கிழமை பின்னேரம் புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். வாராவாரம்.

கார் என்பது ஓரிடத்துக்குப் போவதற்கான வண்டி என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அழகையாவுக்கு அது வீட்டுக்கு வருவதற்கான வண்டி.

"பாப்பா, ஒனக்கு ஒரு கார் பாக்கலாம்னு இருக்கேன்."

ரூபிகா தோசைக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு எதுக்குப்பா கார்? வேணாம்."

அழகையா கழித்தார். பிள்ளை செலவை நினைத்துச் சொல்கிறாள், அதற்குக் கொஞ்சம். பெண்பிள்ளைக் கூச்சம், அதற்குக் கொஞ்சம். எல்லாம் போக மிஞ்சியது 'வேணும்' என்றுதான் இருந்தது. இதே பதிலை அவள் பிறகு மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் விடை மாறவில்லை.

வீட்டில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது என்பது சிறு குறைதான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

கார் தேடுவதற்கு நிபுணர் வேண்டுமல்லவா? முப்பது வருஷம் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டிய சிவசாமி இருந்தார். லொறியோடு பேசிப் பேசியே அதை ஓட்டியவர். அவர் வீட்டில் கூடிய முதல் கூட்டத்துக்கு, அழைப்பில்லாமலே அவருடைய மனைவி அம்மாக்கண்ணுவும் வந்து உட்கார்ந்தாள். அவள் முப்பத்தாறு வருஷமும் அழகையாவின் மலையில் கொழுந்து பறித்தவள். கதைக்க உரிமை உள்ளவள்.

"புள்ளைக்குக் காராங்க கணக்கப்பிள்ள? நல்லது. எங்க கொழுந்துல கழிச்சதெல்லாம் நாலு சில்லாகி வருது."

"அடியே, சும்மா இரு" என்றார் சிவசாமி.

"நாஞ் சும்மாதான இருக்கேன். ஒரு சில்லாச்சும் எம்பேர்ல ஓடட்டும்னு சொல்றேன்."

அழகையா இதில் முழுவதையும் கழித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

அரசாங்கம் நாலைந்து வருஷம் வெளிநாட்டுக் கார் இறக்க விடாமல் வைத்திருந்ததில், நாட்டிலிருந்த பழைய கார்களுக்கெல்லாம் மவுசு வந்திருந்தது. துருப்பிடிக்கப் பிடிக்க விலை கூடிய காலம். இ.பி.எஃப். காசில் புதிதாக ஒரு கதவு வாங்கலாம். முழுக் கார் வேண்டுமென்றால் அது ரூபிகாவைவிட வயதில் மூத்ததாக இருக்க வேண்டும். அப்படி மூத்த இரண்டு கார்கள் கிடைத்தன.

முதலாவது நுவரெலியாவில், பிரேமினி டீச்சர் வீட்டில். பென்ஷன் எடுத்தவர், தனி ஆள். சிவப்புக் கார். போர்வையை விலக்கி, பூனைக்குட்டியைத் தூக்கிக் காட்டுவதுபோலக் காட்டினார்.

"இஞ்சின் ஒரு தடவ எறக்கி வேல பாத்தது. கொஞ்சம் ஒயில் குடிக்கும். இடப்பக்கக் கண்ணாடி பாதிக்கு மேல எறங்காது. மத்தபடி என்னைய நடு ரோட்டுல விட்டது கெடையாது."

சிவசாமி பொனட்டுக்குள் தலையை விட்டு வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது முகம் மலர்ந்திருந்தது. "கணக்கப்பிள்ள, சத்தத்தக் கேட்டீங்களா? தொண்ட கட்டவே இல்ல. டீச்சர் வண்டிங்கறது சரிதான்."

அழகையாவின் மனசுக்குள் தராசு ஆடியது. ஒரு தடவை இறக்கியதாக வாயால் ஒப்புக்கொண்டால், நிஜத்தில் மூன்று தடவை. கொஞ்சம் ஒயில் என்றால் போத்தல் கணக்கு. நடு ரோட்டில் விட்டதில்லை என்றால், ரோட்டு ஓரத்தில் விட்டிருக்கும். இவ்வளவையும் கழித்த பிறகு அந்தக் காரில் ஹோர்னும் இரண்டு சில்லும்தான் மிஞ்சின.

"மகள் எத்தன வருஷம் படிப்பா?" என்று டீச்சர் கேட்டார்.

"நாலு வருஷம்ங்க டீச்சர்."

"நாலு வருஷத்துக்கு இது நிச்சயம் தாங்கும். அதுக்குப் பொறகு அவளே ஒரு வண்டி வாங்கிக்குவா. ஊரும் வேற பாத்துக்குவா."

அழகையா இந்தக் கடைசி வாக்கியத்தைத் தராசிலேயே வைக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்" என்று எழுந்துவிட்டார்.

இரண்டாவது ஹட்டனில், துஷாந்த் என்ற புரோக்கர் பையனிடம். வெள்ளைக் கார். அதன் பெருமையை அவன் ரோட்டிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தான்.

"ஐயா, இது டொக்டரம்மா ஓட்டின கார். வீடும் கோயிலும், கோயிலும் வீடும். மழையில நனைஞ்சதே இல்ல. நாலு கண்ணாடியும் முழுசா எறங்கும். மீட்டரப் பாருங்க, வெறும் நாப்பதாயிரம். ஒரு கீறல் காட்டுங்க, காரச் சும்மா தாறேன்."

சிவசாமி ஸ்டீரிங்கைத் தடவிப் பார்த்தார். பிறகு பிரேக் மிதியை. ரப்பர் தேய்ந்து இரும்பு சிரித்தது. "தம்பி, இந்த டொக்டரம்மா கும்புட்ட கோயில் இந்தியாவுலயா இருந்திச்சு?"

"அங்கிள், அந்தம்மாவுக்குக் காலு கொஞ்சம் அழுத்தம்."

"நாப்பது வருஷமா அழுத்துனாங்களோ?"

ஆனால் அழகையாவின் முகத்தில் ஒரு நிறைவு வந்திருந்தது. இங்கே கழிக்கக் கழிக்க இருந்தது. நாற்பதாயிரத்தை நான்கால் பெருக்கினார். டொக்டரம்மாவை மருந்துக்கடைக்காரர் ஆக்கினார். நனையாத காரை நனைத்தார். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நல்ல கார் மிச்சமிருந்தது. உள்ளதைச் சொன்ன டீச்சரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. புளுகியவனிடம் ஒரு கார் மிஞ்சியது. தராசு பொய் சொல்லாது என்று முப்பத்தாறு வருஷம் மற்றவர்களுக்குச் சொன்னவர் அல்லவா? அன்றே கையெழுத்துப் போட்டார்.

"வேணாங்க கணக்கப்பிள்ள" என்றார் சிவசாமி. அதிலும் கழிவு போயிற்று.

தலவாக்கலை தாண்டித் தோட்டத்து ரோட்டில் ஏறும்வரை கார் மரியாதையாக வந்தது. மூன்றாவது முடக்கு வளைவில் இரண்டு தடவை இருமி நின்றது. மேலே மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு எட்டிப் பார்த்தார்கள். பிறகு இறங்கி வந்தார்கள். பார்க்க வேண்டிய காட்சிதானே.

"அட, நம்ம பழைய கணக்கப்பிள்ளையா?"

"தள்ளுங்கம்மா கொஞ்சம்" என்றார் சிவசாமி.

பிரியந்தி என்ற பெண் கூடையை இறக்கி வைத்தாள். "தள்ளலாம். ஆறு பேரு இருக்கோம். சாக்குக்கு ஒருத்தி, ஈரத்துக்கு ரெண்டு பேரு கழிச்சா மூணு பேருதான தள்ளணும்? என்னாங்க, கணக்கு சரியா?"

ஆறு பேரும் சிரித்தார்கள். ஆறு பேரும் தள்ளினார்கள். அழகையா முன் சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கனம் கூடும், இறங்குங்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதையும் ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் ரூபிகா நின்றாள். காரை முன்னும் பின்னும் பார்த்தாள். சிவசாமி சாவியை அழகையாவின் கையில் வைத்துவிட்டு, இல்லாத வேலையைச் சொல்லிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

"வாங்கிட்டீங்களாப்பா?"

"வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டா, ராச் சாப்பாட்டுக்கு..."

"வேணாம்னு எத்தன தடவ சொன்னேன்?"

"நாலு தடவ."

"நாலு தடவையும் கேட்டுச்சுதானே?"

"கேட்டுச்சு" என்றார் அழகையா. கேட்டதுதான்.

ரூபிகா காரின் மீது சாய்ந்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அதற்கென்று ஒரு கழிவு இருக்கிறது. மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, அந்த கெம்பஸ் எனக்குத் தானா வந்து வெழல. ஃபோர்ம்ல அத மொதலாவதா நாந்தான் போட்டேன். பேராதனை கெடைக்கிற மார்க்ஸ்தான் எனக்கு."

"பெறகு ஏன்...?"

"பேராதனைன்னா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எதிர்பாப்பீங்க. நான் வரலேன்னா குடையப் புடிச்சிக்கிட்டு ரோட்டுல நிப்பீங்க. நீங்க நிக்கிறத நெனச்சிக்கிட்டு என்னால படிக்க ஏலாதுப்பா."

அழகையா சாவியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அம்மாவையும் அப்பிடித்தானே மூணு வருஷமா எதிர்பாக்குறீங்க? ஒரு தடவையாச்சும் வத்தளைக்குப் போனீங்களா? அம்மா எத்தன தடவ வரச் சொன்னாங்க? நீங்க சும்மா பேச்சுக்குச் சொல்றதுன்னு நெனச்சீங்க. வாறவங்களுக்குக் காத்துக்கிட்டு இருப்பீங்க. நீங்களா ஒரு எடத்துக்குப் போனதே இல்லப்பா."

அவர் கழித்துப் பார்த்தார். சின்னப் பிள்ளை, ஊரை விட்டுப் போகிற படபடப்பு என்று எதையெதையோ தேடிப் பார்த்தார். சாக்கும் இல்லை, ஈரமும் இல்லை. அவள் வைத்தது அவ்வளவும் கொழுந்தாக இருந்தது.

"உள்ள வாங்க. கோதுமை மா ரொட்டி சுட்டு வச்சிருக்கேன்" என்றாள் ரூபிகா.

நான்காம் நாள் அவள் பஸ்ஸில் போனாள். நுவரெலியா பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து, "கார்க் கண்ணாடிய தொடைக்கிறேன்னு டவலோட நிக்காதீங்க, குளிருக்குள்ள" என்று சொன்னாள். பஸ் நகர்ந்தது. அழகையா டவலோடு நிற்கவில்லை. டவல் இல்லாமல் நின்றார்.

அதற்குப் பிறகு மேற்கணக்கில் ஒரு புது வழக்கம் ஏற்பட்டது. பின்னேரம் மூன்றரைக்கு அழகையா கார் நின்ற தகரக் கொட்டிலுக்குப் போவார். காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து, முன் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொள்வார். முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தகரம்தான். அதைப் பார்த்துக்கொண்டு ஐந்து மணி வரை இருப்பார். லயத்துப் பிள்ளைகள் முதல் கிழமை வந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் கிழமை அவர்களுக்கே அலுத்துவிட்டது.

வீட்டுக்குள் அவரால் இருக்க முடியவில்லை என்பதுதான் விஷயம். வீட்டில் இரண்டு அறை, ஒரு அடுப்படி, நான்கு கோப்பை. எந்தக் கோப்பையில் குடித்தாலும் மூன்று மிஞ்சின. காருக்குள் அந்தத் தொல்லை இல்லை. பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லாவிட்டாலும், யாரோ கடைக்குப் போயிருக்கிறார்கள், இப்போது வந்து வண்டியை எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு உட்கார ஏலும்.

வெள்ளிக்கிழமைகளில் ஆறு மணி வரை இருந்தார்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை அம்மாக்கண்ணு முறுக்குப் பொட்டலத்தோடு வந்து, கார்க் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கினார். அது முழுதாக இறங்கியது. துஷாந்த் சொன்னதில் அது ஒன்று உண்மை.

"என்னாங்க கணக்கப்பிள்ள, எந்த ஊரு வந்திருக்கு இப்ப?"

அவர் முன்னாலிருந்த தகரத்தையே பார்த்தார்.

"முப்பத்தாறு வருஷமா எங்க கொழுந்துல கழிச்சீங்க. இப்ப பாருங்க, வீட்டுல மூணு பேரு கழிஞ்சி நீங்க மட்டும் நிக்கிறீங்க." சொன்ன பிறகு அவளுக்கே அது கொஞ்சம் கூடிவிட்டதாகப் பட்டது. முறுக்கை அவர் மடியில் வைத்தாள். "சும்மா வெளயாட்டுக்குச் சொன்னேன். மனசுல வச்சிக்காதீங்க."

"வெளயாட்டுக்கா?" என்றார் அழகையா. "இல்ல அம்மாக்கண்ணு. சரியாத்தான் சொன்ன. ஒண்ணும் கொறைக்க வேண்டியதில்ல."

அம்மாக்கண்ணு பயந்துவிட்டாள். வீட்டுக்கு ஓடிப் போய், "மனுசனுக்கு ஏதோ ஆயிருச்சி. நான் சொன்னத சரின்னு சொல்றாரு" என்று புருஷனிடம் முறையிட்டாள்.

அன்று பொழுதுபடும் நேரத்தில் ரூபிகாவுக்கு அவரே ஃபோன் எடுத்தார். மறுமுனையில் பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அங்க வந்தா ஒனக்குத் தொந்தரவா பாப்பா?"

சிரிப்புச் சத்தம் தூரமாயிற்று. அவள் எங்கேயோ ஒதுங்கி நடந்திருக்க வேண்டும். "மாசத்துக்கு ஒருக்கா வாங்கப்பா. சொல்லிட்டு வாங்க. வந்தா நைட் தங்கச் சொல்ல ஏலாது, இது ஹொஸ்டல்."

"மாசத்துக்கு ஒருக்கா" என்றார். "சொல்லிட்டு."

"மொதல்ல அம்மாகிட்ட ஒரு தடவ போங்க."

"சரி."

"சும்மா சரின்னு சொல்லாதீங்க."

"இல்ல பாப்பா. சரி."

அடுத்த நாள் காலையில் சிவசாமியிடம் போய், காரின் குடலை இறக்கிக் குறை தீர்த்துத் தர வேண்டும், பிறகு தனக்கு ஓட்டப் பழக்க வேண்டும் என்றார். சிவசாமி பல்துலக்கிக்கொண்டிருந்தார், வாயிலிருந்த பற்பசையோடு அப்படியே நின்றார்.

"அறுவது வயசுலயா? பஸ்ல போகலாமே, கணக்கப்பிள்ள? வத்தளைக்கும் பஸ் ஓடுது, கெழக்குக்கும் பஸ் ஓடுது."

"பஸ்ல போயிட்டு வந்தா, கொட்டில்ல நிக்கிற காருக்கு யாரு பதில் சொல்றது?"

சிவசாமி வாயைக் கொப்பளித்தார்.

லைசன் எடுப்பதற்கு முதலில் மெடிக்கல் எடுக்க வேண்டும். அதற்கு நுவரெலியா போனார். தனியாக, பஸ்ஸில், விடிய வெளிக்கிட்டு, மழைக்குள். அங்கே வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு தாயோ தகப்பனோ, கையில் குடை, ஃபைல், தண்ணிப் போத்தல். பிள்ளைகள் கையை வீசிக்கொண்டு நின்றார்கள். அழகையாவின் இரண்டு கையும் நிறைந்திருந்தது.

கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் அவருடைய பத்திரங்களை வாங்கிக்கொண்டு, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "லமயா கோ, அங்கிள்?" பிள்ளை எங்கே என்று சிங்களத்தில் கேட்கிறாள்.

"லமயா கெம்பஸ் கியா, மிஸ்" என்றார் அழகையா. பிள்ளை கெம்பஸ் போய்விட்டது. பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "மட்ட தமய்." எனக்குத்தான்.

அவள் அடையாள அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. நம்பர் எழுதிக் கொடுத்தாள்.

கண் பார்க்கும் அறை வாசலில் எல்லாரும் தங்கள் சாமான்களைக் கூட வந்தவர்களிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். அழகையா ஒரு நிமிஷம் நின்று சுற்றிலும் பார்த்தார். பிறகு குடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். குடையிலிருந்து தண்ணி சொட்டியது. நர்ஸ் ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னாள். பொத்தினார். சுவரில் பெரிய எழுத்து ஒன்று, அதற்குக் கீழே சிறிய எழுத்து, அதற்கும் கீழே இன்னும் சிறியது.

உரத்த குரலில் வாசித்தார். அவ்வளவு சத்தமாக அவர் கதைத்துப் பல நாளாகியிருந்தது. நான்காவது வரியில் நர்ஸ் "எத்தி, எத்தி" என்றாள், போதுமாம். அழகையா நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு வரி இருந்தது.